ஒரு பந்து, இரண்டு முனை

கரண்ட் வர இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். மெஷினை விட்டுவிட்டு இப்படிக் கிட்டே வாருங்கள், மெழுகுவர்த்தி ஒன்றுதான் இருக்கிறது. சாயங்காலத்திலிருந்து என் ஸ்வெட்டரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள்… கட்டிங் மாஸ்டர் யாரோ சின்னப்பிள்ளையின் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்று. சிரியுங்கள். முழுதும் கேட்ட பிறகும் சிரிப்பு வந்தால் அப்போது பேசிக்கொள்ளலாம்.

இது என் சிநேகிதனின் அம்மாவுக்கு நடந்தது. அவன் பிறப்பதற்கு முன்னால்.

மாலை ஆறே கால். பனிக்காலம். சாக்ஸ் கம்பெனி பஸ் கேட்டைத் தாண்டினால் குடியிருப்பு போய்ச் சேர நாற்பது நிமிஷம்… நடுவில் ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்கு கிடையாது. டீசல் வாடை. ஈரக் கம்பளி வாடை. ஒரே ஒரு ஜன்னல் கண்ணாடி மட்டும் கடகட, கடகட.

கடைசி சீட்டில் இரண்டு பேர். ஒருத்தி அவன் அம்மா. இன்னொருத்தி அவளோடு ஒரே மேஜையில் வேலை பார்த்தவள். தலைமுடியால் அவளுக்குச் சுருட்டை என்றே பெயர். இரண்டு பேருக்கும் எட்டாம் மாதம். ஆஸ்பத்திரிச் சீட்டில் ஒரே வாரத்துத் தேதி. போதாதா? ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

பிறக்கப்போகும் இரண்டு தலைக்கும் குரோஷா ஊசியால் தொப்பி பின்ன நினைத்தார்கள். வெள்ளை உல்லன், ஒரே பந்து. பந்துக்கு இரண்டு முனை உண்டல்லவா… வெளியே சுற்றியிருக்கும் முனை ஒன்று, நடு வயிற்றிலிருந்து உருவுகிற முனை ஒன்று. பந்தைப் பையில் போட்டு நடுவில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு முனையிலிருந்து பின்னினார்கள்.

நூல் கடைக்காரம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

"ஒரே பந்துல ரெண்டு பேர் பின்னாதீங்கம்மா. பின்னியே தீருவோம்னா, பந்து தீர்றதுக்குள்ள நடுவுல வெட்டிடுங்க. நூல் உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நேரா நின்னுடுச்சுன்னா, ஒருத்தி இழுக்க இழுக்க இன்னொருத்தியோடது பிரியும். தொப்பி மட்டும்னு நினைக்காதீங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனாலும் சுருட்டை ஒரு சின்னக் கத்தரி வாங்கி அவன் அம்மா கையில் கொடுத்தாள்.

"நீயே வச்சுக்கடி. நான் எதையும் தொலைச்சிடுவேன். நீ இருக்கும்போது எனக்கென்ன?"

அந்த வார்த்தையைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஒரு திங்கட்கிழமை அவன் அம்மா வயிற்றில் அசைவு நின்றது. செவ்வாயும் அசைவில்லை. டாக்டர் குழாயை வைத்துக் கேட்டார், முகத்தைச் சுளித்தார், நாளைக் காலையில் வந்து படுத்துக்கொள்ளச் சொன்னார். அவள் சுருட்டையிடம் மூச்சு விடவில்லை. அன்று மாலையும் அதே பஸ், அதே சீட்டு. கை சும்மா இருந்தால் அழுகை வந்துவிடும் என்று பின்னிக்கொண்டே இருந்தாள்.

சுருட்டை அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கையிலிருந்த ஊசி கண்ணியை விட்டு நழுவி மடியில் கிடந்தது.

பையில் உருண்டுகொண்டிருந்த பந்து… நின்றது. தீர்ந்துவிட்டது. இந்த மடியிலிருந்து அந்த மடிக்கு நூல் நேராக நின்றது.

அவள் கத்தரியை எடுத்தாள். நிஜமாகவே எடுத்தாள். அதற்குள் விரலில் சுற்றியிருந்த நூல் கொஞ்சம் இழுபட்டது. சுருட்டையின் தொப்பியில் ஒரு கண்ணி பிரிந்தது.

ட்டுக்.

வயிற்றில் ஓர் உதை. இரண்டு நாளில் முதல் உதை.

இன்னொரு தடவை இழுத்தாள். ட்டுக். இன்னோர் உதை, முன்னைவிடப் பலமாக.

உங்களில் பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறீர்கள். நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்க மாட்டேன். அவள் கத்தரியைப் பைக்குள் போட்டாள். இழுத்தாள், பின்னினாள், இழுத்தாள். அவள் கை அன்று ஓடியதுபோல் என்றைக்குமே ஓடியதில்லையாம். சுருட்டை ஒரே ஒரு தடவை தூக்கத்தில் முனகினாள்… தன் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். அப்புறமும் தோளை விட்டுத் தலையை எடுக்கவில்லை.

பஸ் நின்றது. சுருட்டை கண்ணை விழித்தாள். அவள் மடியில் வெறும் ஊசி. பக்கத்து மடியில் காது மூடியும் வைத்துப் பின்னிய முழுத் தொப்பி.

"வெட்டலையாடி?"

"கத்தரி… காணோம்."

பை திறந்துதான் கிடந்தது. கத்தரி மேலேயே இருந்தது. சுருட்டை அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "பரவால்ல, திரும்பப் பின்னிக்கலாம்" என்றாள்.

ஐந்தாம் நாள் சுருட்டையின் வயிற்றுப் பிள்ளை போயிற்று. பின்னாலேயே அவளும் போய்விட்டாள். என் சிநேகிதன் கொழுகொழுவென்று பிறந்தான்.

தொப்பியை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினாள் அவன் அம்மா. அடுத்த வருஷம் திறந்தால் ஒரு வரிசை குறைந்திருந்தது. முனையை மூன்று முடிச்சுப் போட்டு உள்ளே செருகினாள். அதற்கடுத்த வருஷம் இன்னொரு வரிசை இல்லை. பிரிந்த நூல் டப்பாவில் ஓர் இழைகூடக் கிடையாது… அப்படியானால் எங்கே போயிற்று?

சாகக் கிடந்தபோதுதான் இத்தனையையும் மகனிடம் சொன்னாள். போன மாதம். அவன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தான். உச்சி வட்டம் மட்டும் மிச்சம், ஒரு பொத்தான் அளவு.

"என் உசுரையே திருடித்தான்டா குடுத்திருக்கா எங்கம்மா. தோள்ல சாஞ்சு தூங்குனவகிட்ட இருந்து. சரி, இந்த மிச்சத்தையும் அவகிட்டயே குடுத்துடலாம்னு நாளைக்கு ஆறே கால் பஸ்ஸுல போறேன். கடைசி சீட்டு. நீ பக்கத்துல உக்காரு. நூல் எப்போ நேரா நிக்குதோ அப்போ வெட்டு. என் கை நடுங்கும்… நீ கத்தரி புடிக்கிற ஆளு. உன்னை விட்டா எனக்கு யாருடா?"

வருகிறேன் என்று சொன்னேன். கிளம்பவும் கிளம்பினேன், இந்த ஸ்வெட்டரைத்தான் போட்டுக்கொண்டு. சட்டைப் பையில் கத்தரி. பஸ் ஸ்டாப்புக்குப் பாதி வழி போனதும் கால் வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயம். போன் பண்ணினேன்.

"கத்தரி காணோம்டா. தேடி எடுத்துட்டு அடுத்த பஸ்ல வரேன்."

இருபது வருஷமாகக் கத்தரி பிடிக்கிறவன் சொல்கிற பொய்யா அது! அந்தப் பக்கம் ஜன்னல் கண்ணாடி மட்டும் கடகட, கடகட. அப்புறம் அவன் சொன்னான்.

"பரவால்ல."

அடுத்த பஸ்ஸைப் பிடித்துக் குடியிருப்பு ஸ்டாப்பில் போய் நான் நின்றபோது அவன் ஏறிய பஸ் காலியாகத்தான் நின்றது. "ஒருத்தர் ஏறுனாரு. இறங்குனதை நான் பாக்கல" என்றார் டிரைவர். கடைசி சீட்டில் டப்பா திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை. பக்கத்தில் ஒரு வெள்ளைத் தொப்பி… காது மூடி வைத்தது. புதுப் பின்னல். ஊசி இன்னும் கடைசிக் கண்ணியில் நின்றிருந்தது. தொட்டுப் பார்த்தேன். இப்போதுதான் ஒரு தலையிலிருந்து கழற்றினதுபோல் இளஞ்சூடு.

தொப்பி முடிந்திருந்தது. ஆனால் சுருட்டை நூலை வெட்டவில்லை.

வெள்ளை நூல் தீர்ந்த இடத்தில் அரக்கு நிற நூல் ஒன்று சேர்ந்திருந்தது. அது சீட்டிலிருந்து நேராக என்னிடம்தான் வந்தது. இதோ, இந்த ஸ்வெட்டரும் அரக்குதான். வாங்கும்போது இதன் கை மணிக்கட்டு வரை இருந்தது. நேற்று முழங்கை. கழற்றிப் போட்டுவிட்டுப் படுத்தால், விடியும்போது உடம்பில்தான் இருக்கிறது.

வெட்டிவிட வேண்டியதுதானே என்பீர்கள். என் கத்தரி அன்றைக்கே காணாமல் போய்விட்டது. உண்மையாகவே காணோம்.

ஆறு தையற்காரர்கள் இருக்கிறீர்கள். யாராவது ஒரு கத்தரி கொடுங்களேன்…

என்ன, ஒருத்தரிடமும் இல்லையா?