வாசல்ல நிக்கற கொன்ன

அங்கியே நில்லுய்யா, உள்ள வராத. பதினோரு வருசம் கழிச்சி இன்னிக்கித்தான் பொண்டாட்டி வூட்டுக்கு வழி தெரிஞ்சிதா? மரத்துல சாயாத, கைய எடு. இன்னா, யாரு வச்சதா? உம் பொண்ணு நிவேதா வச்சது. நீ எங்கள வுட்டுட்டு விழுப்புரத்துல இன்னொருத்தியோட குடித்தனம் போன வருசம். அவ அப்போ ஏழாவது.

பள்ளிக்கூடத்து சரக்கொன்னைலேர்ந்து காய் ஒன்னு பொறுக்கிக்னு வந்தா. மொழ நீளம், கருப்பா இருக்குமே, அதான். ஒடச்சா உள்ள அடுக்கடுக்கா தடுப்பு, தடுப்புக்கு ஒரு கொட்ட. பிசுபிசுன்னு ஒரே நாத்தம். கழுவிப் பொதச்சா. ரெண்டு மாசமா ஒன்னும் மொளைக்கல. காலைல எழுந்ததும் மண்ணக் கிளறிப் பாப்பா, அப்பறம் ரோட்டப் பாப்பா. நீ வருவியாம்.

பாகூர்ல நர்சரி வச்சிக்கிறாரே மணவாளன், அவருதான் சொன்னாரு. தோலு கெட்டிம்மா, தண்ணி உள்ள போவாது, உப்புத்தாள்ல ஒரு பக்கம் தேச்சி, வெதுவெதுன்னு தண்ணில ஊற வச்சிப் போடுன்னு. வெரலு செவந்து போவத் தேச்சா. முப்பது கொட்டைல மொளச்சது நாலு. ரெண்ட நத்த தின்னுச்சி, ஒன்ன ஆடு மிதிச்சிடுச்சி. மிச்சம் இதான்.

இன்னாத்துக்குத் தலையாட்ற? உன்னக் கத கேக்கச் சொல்லல.

புயலு வந்தப்ப இது அவ இடுப்பு ஒசரம். வூட்டு மேல போட்ட ஷீட்டு பறக்குதுடி, செடிய வுடுன்னேன். கேக்கலியே. கொட்ற மழைல நின்னு மூங்கில நட்டுக் கட்டுனா. ஷீட்ட நான் ஒருத்தியே புடிச்சிக்னு நின்னேன்.

ஏழு வருசமா பூக்கல. உங்கண்ணன் தெய்வசிகாமணி வந்தாரு. ஜெயசுதா, இது மலட்டு மரம், வெட்டிட்டு டிராக்டர் போவ வழி வுடுன்னாரு. கரும்பு வெட்ற கத்தியோட வெளிய வந்தேன். மரத்துல கைய வச்சிப் பாருன்னேன். போயிட்டாரு. மறுவருசம் சித்திரைல எலையே தெரியல, சரஞ்சரமா மஞ்சளா தொங்குச்சி. இவ பாத்தா. ஒரு கொடம் தண்ணி ஊத்திட்டு வேலைக்கிக் கெளம்பிட்டா.

கைல இன்னா கவரு? பட்டுப் பொடவையா? ஒரு பள்ளிக்கூடத்துப் பாவாட எடுத்துக் குடுத்திருப்பியா நீ? இப்ப அவ கல்யாணத்துல மட்டும் சபைல ஒக்காந்து தார வாக்கணுமா?

பத்திரிக்கைல ஞாயித்துக்கெழமன்னுதான் போட்டுக்கீது. ஆமா, அப்பிடித்தான் அடிச்சோம். நீ வரேன்னு உங்கண்ணன் சொன்ன அன்னிக்கே அவ மாப்ள வூட்ல பேசிட்டா. போன வெள்ளிக்கெழமையே வில்லியனூர் கோயில்ல முடிச்சிட்டோம், இருவது பேரோட. நான்தான் தார வாத்தேன். பொண்ணோட அப்பா எங்கன்னு ஐயரு கேட்டாரு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவளே சொல்லிட்டா, அப்பா இல்ல சாமி, அம்மா மட்டுந்தான்னு.