பச்சைத் துணிக் கம்புகள்

அந்த நோட்டில் இருப்பது என் கையெழுத்துதான். பள்ளிக்கூடத்திலிருந்தே என் எழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்பார்கள். அதனால் சிரமமில்லாமல் படித்திருப்பீர்கள். வியாழன் காலை 10.40, ஆலாப் பறவைகள் மொத்தமாக எழும்பின. 11.05, திரும்ப அமர்ந்தன. அந்த இருபத்தைந்து நிமிடத்தைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். சொல்கிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை.

முதலில் தீவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விளங்காது. கப்பல் போகும் தடத்தில் தூர்வாரும் சேற்றை முன்பெல்லாம் கடலில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். ஆற்று நடுவே கல்லை வளையமாக அடுக்கி, அதற்குள் சேற்றைக் குழாய் வழியே பாய்ச்சி, மேலே மணல் பரப்பினால் பறவைகளுக்கு ஓர் இடம் கிடைக்கும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் நான். ஆறு வருடம் ஆயிற்று. தெற்குப் பாதி இறுகிவிட்டது. வடக்குப் பாதி, பார்க்கக் காய்ந்த தரை மாதிரி இருந்தாலும் பால்மேல் படிந்த ஆடைதான். ஆகவே ஆழமான இடங்களில் சிவப்புத் துணி கட்டிய கம்பு, நடக்கக்கூடிய வழியில் பச்சைத் துணிக் கம்பு என்று நட்டு வைத்திருந்தோம்.

ஆலா வெறும் மணலில் முட்டையிடும். தாயின் உடம்புதான் முட்டைக்குக் குடை. ஆள் நடமாட்டம் கண்டால் எழும்பிவிடும். அந்த வெயிலில் அரை மணி நேரம் போதும், முட்டைக்குள் இருப்பது வெந்துவிடும். போன வருடம் தொண்ணூறு ஜோடி வந்தும் ஒரு குஞ்சுகூடத் தேறவில்லை. இந்த வருடமும் அப்படியே ஆனால் தீவைச் சரக்கு இறக்கும் துறையாக மாற்றிவிடுவோம் என்று துறைமுக மேலிடம் கடிதமே கொடுத்துவிட்டது. அதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது.

போன வருடம் பறவைகளைக் கிளப்பிவிட்டவர் என் மாப்பிள்ளை, தங்கையின் கணவர். குழாய் பொருத்துகிறவர். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். நல்ல மனிதர், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வடக்கு ஓரத்தில் மிச்சம் கிடந்த குழாய்களைக் கழற்றி வரச் சொல்லி மேஸ்திரி அவரை அரித்துக்கொண்டிருந்தார். இந்த வருடமும் மாப்பிள்ளை மூன்று முறை மோட்டார் படகில் வந்துவிட்டார். மூன்று முறையும் தன்மையாகத்தான் சொன்னேன்.

"இன்னும் ஒரு மாசம் பொறுங்க மாப்பிள்ளை. குஞ்சு பறந்ததும் நானே கூட வந்து கழட்டித் தரேன்."

"முட்டை போட்டது அதுங்க. அடைகாக்குறது என்னவோ நீங்கதான் மச்சான்," என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. வியாழக்கிழமை மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சொன்னபடியே வந்தார். கரையில் இருக்கும் காவல் கோபுரத்திலிருந்து தொலைநோக்கியில் பார்த்தேன். படகைக் கல்லில் கட்டிவிட்டு, பச்சைக் கம்புகளை ஒட்டியே நடந்தார். ஒழுங்கான வேலைக்காரர். பத்துப் பன்னிரண்டு அடி போயிருப்பார், இடுப்பு வரை இறங்கிவிட்டார். கத்தினார். இருநூற்றுப் பதினான்கு ஜோடியும் எழும்பி மேலே சுற்றின. நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

போன் செய்தார். எடுத்தேன். எடுக்காமல் இருக்க நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

"மச்சான், கால் மாட்டிக்கிச்சு. உள்ள இழுக்குது. யாரையாவது அனுப்புங்க."

"கத்தாதீங்க மாப்பிள்ளை. ஆட்டினா இன்னும் இழுக்கும். அசையாம இருங்க, படகு வரும்."

ஆட்டினால் இழுக்கும் என்பது உண்மை. அவர் உடனே அடங்கிவிட்டார். என் பேச்சை அவர் கேட்டது அந்த ஒரு முறைதான். சிறிது நேரத்தில் பறவைகள் ஒவ்வொன்றாக இறங்கின. அதன் பிறகு என் போனில் ஆறு அழைப்புகள் வந்திருந்தன. கோபுரத்தில் போன் சத்தத்தை அணைத்து வைப்பது விதி. வேறு யாருக்கும் அவர் போன் செய்யவில்லை என்று நீங்களே சொன்னீர்கள். மச்சான் பார்த்துக்கொள்வார் என்று இருந்திருப்பார். பன்னிரண்டரை மணிக்கு அந்த இடம் சமமாகிவிட்டது.

சாயங்காலம் தங்கை கூப்பிட்டாள். "அண்ணே, அவரு போனையே எடுக்கல. உங்க பக்கம் வந்தாரா?"

"இங்க எல்லாம் அமைதியா இருக்கும்மா," என்றேன். அது பொய் இல்லை.

கம்புகளைப் பற்றி இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள். சிவப்புக் கம்புகளை ஒரு மாதம் முன்பே பிடுங்கிவிட்டேன். காற்றில் துணி படபடத்தால் பறவைகள் மிரளும். பச்சைக் கம்புகள் புதன்கிழமை மத்தியானம். துடுப்புப் படகில் போய், பலகைமேல் படுத்தபடி நகர்ந்து, மூன்றைப் பிடுங்கி ஆழமான பக்கம் நட்டேன். ஒரு பறவைகூட எழும்பவில்லை. அவ்வளவு பக்குவமாகச் செய்தேன்.

நேற்று வரை முப்பத்தொரு குஞ்சு பொரித்திருக்கிறது. எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உடலை எடுக்க நாளைக்கே இயந்திரம் கொண்டுபோவதாகப் பேசிக்கொள்கிறீர்கள். இருபத்தைந்து நாள் பொறுத்தால் குஞ்சுகள் பறந்துவிடும். மாப்பிள்ளையைப் பற்றிக் கவலை வேண்டாம். படகு வரும் என்று சொல்லியிருக்கிறேன், அவர் அசையாமல் இருப்பார்.