கணக்கு சாரின் மீசை

— அம்மாடி! யாருங்க அது, ஸ்கூல் காம்பவுண்டுக்குள்ள வெடி வெக்கறது? நெஞ்சே நின்னு போச்சு!

— நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க டோரதி டீச்சர். அந்தப் பொண்ணை எப்ப என் வகுப்பை விட்டு அனுப்பப் போறீங்க?

— சார்... வெடிச்சது லட்சுமி வெடி. இந்த ஜன்னலுக்கு நேர் கீழ. நீங்க கண்ணைக்கூடச் சிமிட்டல!

— என்ன? ...ஓ, வெடியா. தீபாவளி வருதுல்ல, பசங்க வெடிப்பானுங்க. இருபத்தாறு வருஷமா இங்க கணக்கு எடுக்கறேன், வெடிக்கெல்லாம் பயந்தா முடியுமா? விஷயத்துக்கு வாங்க.

— வந்துட்டேன் ரத்தினவேல் சார். அதுக்குத்தானே எல்லாரும் வீட்டுக்குப் போனப்புறமும் ஸ்டாஃப் ரூம்ல உக்காந்திருக்கேன்.

— ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்தா எப்படி? முகமே இருட்டா இருக்கு. இந்தப் பக்கம் வாங்க, வெளிச்சத்துல.

— நான் எங்க உக்காந்தா என்ன சார்? போட்டோவா எடுக்கப் போறீங்க?

— பேசறவங்க முகம் தெரியணும். அதான் மரியாதை.

— ஆண்டவரே! இதையேதான் ஜூன் மாசத்துலேருந்து உங்ககிட்ட நான் தலைதலையா அடிச்சிக்கறேன். போர்டைப் பாத்துப் பேசாதீங்க, பிள்ளைங்களைப் பாத்துப் பேசுங்கன்னு.

— போர்டுல எழுதறப்ப போர்டைப் பாக்காம ஆகாசத்தையா பாப்பேன்?

— எழுதி முடிச்சிட்டுத் திரும்பிப் பேசலாம்ல? செல்லக்கிளிக்குக் காது கேக்காது சார். நெஞ்சுல தொங்கற மிஷின் டப்பா, சத்தம் வருதுன்னு மட்டும்தான் சொல்லும். என்ன பேசறீங்கன்னு சொல்லாது. அவ உங்க உதட்டைப் பாத்துத்தான் பாடத்தைப் புரிஞ்சுக்கணும். முதுகைப் பாத்து என்னத்தைப் புரிஞ்சுக்குவா?

— திரும்பினா மட்டும் உங்களுக்குத் திருப்தியா? மீசையை எடுங்கன்னு சொன்னது யாரு?

— எடுக்கச் சொல்லல, ஒதுக்கச் சொன்னேன். மேல் உதடுன்னு ஒண்ணு உங்களுக்கு இருக்கா இல்லையான்னே ஊருக்குத் தெரியாது.

— என் சம்சாரமே இத்தனை வருஷத்துல இந்த மீசையைப் பத்தி ஒரு வார்த்தை...

— அவங்களுக்கு நீங்க அல்ஜீப்ரா நடத்தினதில்ல சார்.

— கிண்டலெல்லாம் வேணாம் டீச்சர். கவர்ன்மெண்ட்டுல ஒரு திட்டம் போட்டாங்க. காது கேக்காத பிள்ளைங்களும் மத்த பிள்ளைங்களோட ஒண்ணாப் படிக்கட்டும்னு. அதுக்கு ஸ்பெஷல் டீச்சர்னு உங்களை அனுப்பினாங்க. சரி. வகுப்புல நாப்பத்தஞ்சு பேரைக் கட்டி மேய்க்கறது யாரு? நானா, திட்டம் போட்டவங்களா?

— அந்தப் பிள்ளையைக் கடைசி பெஞ்சுல உக்கார வெச்சு மேய்க்கறீங்களே...

— உயரமா இருக்கா. உயரமானவங்க கடைசி பெஞ்சு. இந்த ஸ்கூல்ல என்னிக்கும் அதான் வழக்கம்.

— முன்னாடி பெஞ்சுல ஓரமா உக்கார வெச்சா யாரு தலை மறைக்கப் போகுது? அதோட உங்க வகுப்புல ஒரே கூச்சல்னு பக்கத்து வகுப்பு லூர்து சார் புலம்பறாரு.

— என் வகுப்புலயா? ஊசி விழுந்தா கேக்கும்!

— ...கேக்குமா சார்?

— என்ன?

— ஒண்ணுமில்ல. இன்னிக்கு என்னதான் ஆச்சு, அதைச் சொல்லுங்க.

— என்ன ஆச்சா? என் வகுப்புல நடுவுல எவனும் சந்தேகம் கேக்க மாட்டான். நடத்தறது அவ்வளவு தெளிவு. இவ மட்டும் எழுந்து விறுவிறுன்னு நடந்து வர்றா. வந்து என் மூக்குக்கு நேரா நிக்கறா. நின்னு... ஆ... ஈ... ஊன்னு வாயைப் பிளந்து பிளந்து, பல் டாக்டர்கிட்ட காட்டற மாதிரி ஒவ்வொரு எழுத்தா... வகுப்பே சிரிக்குது! இது இன்னிக்கு நேத்தா? தினம் இதே கூத்து. வாத்தியாரை வெச்சுக் கேலி!

— வகுப்பு சிரிச்சது கேட்டுச்சா?

— பாத்தேனே! அத்தனை பேருக்கும் பல்லு அத்தனையும் வெளியில.

— சரி, என்ன சந்தேகம் கேட்டா?

— அதுவா... இந்தப் பக்கம் மைனஸா இருக்கறது அந்தப் பக்கம் போனா ஏன் பிளஸ் ஆகுதுன்னு கேட்டா.

— பரவாயில்லையே! அவ பேசறது பக்கத்துல உக்கார்ற பொண்ணுக்கே புரியாது. இங்கிலீஷ் டீச்சர் ‘என்னம்மா, என்னம்மா’ன்னு கேட்டு அலுத்துப் போயிட்டாங்க. உங்களுக்கு ஒரு வார்த்தை விடாமப் புரிஞ்சிருக்கு!

— ...பதிலும் சொன்னேன். சொல்லிட்டுத்தான் வெளியில போகச் சொன்னேன்.

— வகுப்புக்கு வெளியிலயா, ஸ்கூலுக்கு வெளியிலயா? நேரா ஹெட்மாஸ்டர்கிட்ட போய், ‘அவ இருந்தா நான் ஒன்பதாவதுக்குக் கணக்கு எடுக்க மாட்டேன்’னு நின்னிருக்கீங்க. வேற கணக்கு வாத்தியாருக்கு அவர் எங்க போவாரு? அவ ஊரு பச்சைமலைக்கு ஆள் அனுப்பிட்டாரு. நாளைக்குக் காலையில அவ அப்பா மருதை வர்றாரு. டி.சி.யை வாங்கிக்கிட்டுப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போக.

— காது கேக்காதவங்களுக்குத் தனி ஸ்கூல் இருக்குல்ல?

— அவ படிச்ச ஸ்கூல் எட்டாவது வரைக்கும்தான். அதை முடிச்சிட்டுத்தானே இங்க வந்தா! இதை விட்டா மரவள்ளிக் காட்டுல களை எடுக்கறதுதான். எண்பத்தஞ்சு மார்ச்சுல பத்தாவது எழுத வேண்டிய பொண்ணு சார் அவ. மன்னார்புரத்துல ஹாஸ்டல் சிஸ்டர் கையில கால்ல விழுந்து அவளுக்கு ஒரு கட்டில் வாங்கினேன்...

— அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?

— ஹெட்மாஸ்டர் கிளம்பறதுக்குள்ள போய், ‘இருந்துட்டுப் போகட்டும்’னு ஒரு வார்த்தை.

— முடியாது.

— ஏன்?

— முடியாதுன்னா முடியாது. கணக்குல விடை ஒண்ணுதான்.

— தொண்டையே வறண்டு போச்சு உங்ககிட்ட கத்திக் கத்தி! பொறுங்க, அந்தப் பானையில ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிக்கறேன்.

— குடிங்க, குடிங்க. ரெண்டு டம்ளர் குடிச்சாலும் விடை மாறாது.

— ...சரி சார், நீங்க சொன்ன மாதிரி வெளிச்சத்துலயே உக்காந்து நிதானமாவே கேக்கறேன். அந்தப் பிள்ளை மேல உங்களுக்கு அப்படி என்ன கோபம்?

— கோபமில்ல டீச்சர். நடக்காத காரியம்னு சொல்றேன். வாயைப் பாத்தே பேச்சைப் புரிஞ்சுக்கறதாம். அதுலயும் கணக்கை! இதென்ன சர்க்கஸ் கூடாரமா?

— புரிஞ்சுக்கவே முடியாதுங்கறீங்க?

— முடியவே முடியாது. ‘வா, போ’ன்னா வேணா புரியலாம்.

— உங்க வாய்க்கணக்குக்கு ரொம்பப் பேராமே? வகுப்புக்குள்ள நுழையும்போதே கேள்வியைக் கேட்டுக்கிட்டே வருவீங்களாம், பசங்க இடத்துலேருந்தே பதிலைக் கத்துவானுங்களாம். மூணு வருஷமா அதை ஏன் விட்டுட்டீங்க?

— போர்ஷன் முடிக்கவே நேரமில்ல.

— எங்க, என்கிட்ட ஒண்ணு பாப்போம். மணிக்கு நாப்பது கிலோமீட்டர் வேகத்துல போற ரயில், மூணே கால் மணி நேரத்துல எவ்வளவு தூரம் போகும்?

— நூத்தி முப்பது. என்ன டீச்சர், எனக்கே பரீட்சையா?

— சும்மா பாத்தேன். இப்பெல்லாம் ஸ்ரீரங்கத்துலேருந்து சைக்கிள்ல வர்றதில்லையாமே? பஸ்ஸுல தொங்கிக்கிட்டு வர்றதாக் கேள்வி.

— முட்டி வலி.

— முட்டி வலிக்காரர் பஸ்ஸுல நின்னுக்கிட்டா வருவாரு?

— டீச்சர்! கேலிக்கும் ஒரு அளவு இருக்கு!

— கேலியில்ல சார். நான் எவ்வளவு அமைதியாப் பேசறேன், பாருங்க.

— நீங்க அமைதியாப் பேசினா என்ன, கத்திப் பேசினா என்ன? எனக்கு எல்லாம் ஒண்ணுதான்!

— ஐயா... ஐயா! ஹெட்மாஸ்டர் ஐயா கேட்டுக்கிட்டு வரச் சொன்னாருங்க... ஐயா!

— கடைசியாச் சொல்றேன் டீச்சர், என் முடிவுல மாத்தமில்ல. ...என்ன, எனக்குப் பின்னாடி யாரைப் பாக்கறீங்க? அட, ஆயாவா! ஏன் இருசம்மா, கூட்ட வந்தா கூட்டு. பூனை மாதிரி முதுகுக்குப் பின்னாடி வந்து நின்னா?

— பூனையாங்க? இரும்பு வாளியை டங்குனு வெச்சேன், மூணு வாட்டி கூப்பிட்டேன்... ஹெட்மாஸ்டர் ஐயா ஸ்கூட்டர்கிட்ட நிக்கறாருங்க. அந்தப் பொண்ணுக்கு டி.சி. எழுதலாமா, வேணாமான்னு கேட்டுவரச் சொன்னாரு.

— இதோ வந்து சொல்றேன்னு சொல்லு.

— சரிங்க. ஆமா, யார்கூடங்க சண்டை போட்டுக்கிட்டிருந்தீங்க? வராந்தா கடைசி வரைக்கும் உங்க குரல் மட்டும் தனியா வருது.

— என்ன உளர்றே? எதிர்ல டீச்சர் உக்காந்திருக்கறது தெரியல?

— தெரியுதுங்க. வாயும் அசையுது. சத்தம்தான் வரல. ஏன் டீச்சர், தொண்டை கட்டிக்கிச்சா? மிளகு தட்டிப் போட்டு வெந்நி கொண்டாரட்டுங்களா?

— வேணாம் இருசம்மா, தொண்டை நல்லாத்தான் இருக்கு. நீங்க போய் ஹெட்மாஸ்டரை ரெண்டு நிமிஷம் இருக்கச் சொல்லுங்க.

— வரேன் டீச்சர்.

— சார்.

— எப்பத்துலேருந்து?

— தண்ணி குடிச்சதுலேருந்து. குரலே விடல சார். உதட்டை மட்டும்தான் அசைச்சேன்.

— அந்த ரயிலு...

— அதுவும்தான்.

— அடிப் பாவி!

— திட்டுங்க. நல்லாத் திட்டுங்க.

— ...வலது காது போய் மூணு வருஷமாச்சு. இடது காதுல, கிணத்துக்குள்ளேருந்து யாரோ பேசற மாதிரி. முட்டி வலியெல்லாம் இல்ல. காவிரிப் பாலத்துல லாரிக்காரன் பின்னாடியே ஹாரன் அடிச்சிக்கிட்டு வந்திருக்கான்... கைப்பிடிச் சுவர்ல போய் மோதினேன். அன்னியோட சைக்கிளை விட்டேன்.

— வீட்டுலயாவது சொன்னீங்களா?

— யாருக்கும் சொல்லல. காது கேக்காத வாத்தியாரை எந்த ஸ்கூல்ல வெச்சுப்பாங்க? ரெண்டாவது பொண்ணு இன்னும் கல்யாணத்துக்கு நிக்கறா. இப்ப நீங்க போய் ஹெட்மாஸ்டர் காதுல போட்டு, என்னை மடக்கி...

— மடக்கணும்னா நேரா அவர்கிட்டயே போயிருப்பேனே! உங்க வேலையைப் பறிச்சு அவளைப் படிக்க வெக்க நான் வரல. வாயைப் பாத்துக் கணக்கு புரியாதுன்னு சாதிச்சீங்க. புரியும்னு காட்டினேன், அவ்வளவுதான். ஒரு மிஷின் வாங்கி மாட்டினா இடது காது ஓரளவுக்குக் கேக்கும் சார்.

— நெஞ்சுல டப்பாவும் காதுல ஒயருமா? அதை மாட்டிக்கிட்டு நாப்பத்தஞ்சு பேர் முன்னாடி நான் எப்படி நிக்கறது?

— பதினாலு வயசுப் பொண்ணு நிக்கறா. சரி, அதை அப்புறம் பாத்துக்கலாம். இப்ப அவ விஷயத்தைச் சொல்லுங்க.

— எப்படிக் கண்டுபிடிச்சீங்க டீச்சர்? இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரியே என்கூட உக்காந்து காபி குடிச்சிட்டுப் போனாரு. அவருக்கே தெரியல.

— நான் எங்க கண்டுபிடிச்சேன்? செல்லக்கிளி சொன்னா. ‘கணக்கு சாரும் என்னை மாதிரி வாயைத்தான் பாக்கறாரு’ன்னு.

— அவளா? அதான் எப்பப் பாத்தாலும் கண்ணு என் மேலயே இருக்குதா... திருடனைப் போலீஸ் பாக்கற மாதிரி இருக்கும் எனக்கு. தெரிஞ்சு வெச்சுக்கிட்டேதான் வாயைப் பிளந்து பிளந்து என்னைக் கேலி பண்ணினாளா!

— ஐயோ சார்! உங்களோட என்னதான் பண்றது? அது கேலி இல்ல. மத்தவங்க தன்கிட்ட எப்படிப் பேசணும்னு தினம் தவிக்கறாளோ, அப்படி அவ உங்ககிட்ட பேசறா. கிட்ட வந்து, முகத்துக்கு நேரா, வாய் நல்லாத் தெரியற மாதிரி. இடத்துல நின்னு கேட்டா உங்களுக்குப் புரியாதுன்னுதான் எழுந்து வர்றா!

— ...எனக்காகவா?

— ஹெட்மாஸ்டர் ஸ்கூட்டரை உதைக்கறாரு. எனக்குக் கேக்குது. சீக்கிரம் சொல்லுங்க சார், நான் ஓடணும்.

— டி.சி. வேணாம்னு சொல்லுங்க.

— முன் பெஞ்சு?

— ஓரமா உக்காரட்டும்.

— மீசை?

— ஒதுக்கறேன். ஒதுக்கறது மட்டும்தான்! வழியில ஜெகபர் சாதிக் சலூன் கடையில உக்காந்து, உதடு தெரியற அளவுக்கு. அதுக்கு மேல ஒரு முடி கேட்டாலும் தர மாட்டேன்.

— கேக்கல சார், கேக்கல. ஆனா மதியம் மேசையைத் தட்டிட்டு வந்த மனுஷன் சாயங்காலமே ஏன் மாறினாருன்னு ஹெட்மாஸ்டர் கேப்பாரே, என்ன சொல்றது?

— அவருக்கு ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லுங்க. உங்களுக்கு மட்டும் சொல்றேன் டீச்சர்... அந்த வகுப்புல நாப்பத்தஞ்சு பிள்ளைங்க பேசுது. எனக்குப் புரியறது அவ ஒருத்தி பேசறதுதான்.