முன்பணம் கேட்டார், தேநீர் மறுத்தார்: சோலிலே முதிம்குலு ஐயாவுக்கு

ராடேபே குலத்தின் பெருமகனே! முன்னோர் புங்கானேயின் பெயர் விளங்கப் பிறந்தவரே! கேய் ஆற்றின் இக்கரையும் அக்கரையும் காலால் அளந்த கடமை வீரரே! நீதிமன்ற ஆணைகளை வீடுதேடி நிறைவேற்றும் எங்கள் துணை ஷெரீஃப் சோலிலே முதிம்குலு ஐயா அவர்களே!

இன்று ஓய்வு பெறும் உங்களை வாழ்த்த வந்தோம், வாய் வரவில்லை. முப்பத்தோராண்டுகள் நீதிமன்றத்தின் தாளை ஏந்தி, நாய் குரைக்கும் வாசல்களிலும் நன்றி கேளா முற்றங்களிலும் தொப்பியைக் கழற்றி நின்று, "நான் கொண்டுவந்தது நல்ல சேதி இல்லீங்க, ஆனா முழுசாக் கேளுங்க" என்று குன்றாக் குரலில் படித்துச் சொன்னவரே! ஒரு வீட்டில் கோழிக்கூண்டையே உங்கள் மேல் தூக்கி எறிந்தார்கள். இறகைத் தட்டிவிட்டு அடுத்த வரியைப் படித்தீர்களாம். எறிந்தவரே பிற்பாடு வந்து சொல்லிச் சிரித்தார்.

காகிதம் கொடுக்கப் போன வீட்டில் கைநனைப்பதில்லை என்பது உங்கள் விரதம். இந்தச் சிற்றூரில் நீங்கள் காகிதம் கொடுக்காத வீடுதான் ஏது? ஊரே உண்ணும் திருமண விருந்திலும் நீங்கள் வெறும் வயிற்றோடு வீடு திரும்புவீர்கள். "ராடேபே, உங்க வயித்துக்கும் சீல் வெச்சுட்டாங்களா?" என்று கேலி செய்வோம். "இன்னிக்கு டீ குடிச்சா, நாளைக்குக் கடனுக்காக அவங்க சோபாவைத் தூக்கக் கை வராது" என்பீர்கள். போங்கள், பிடிவாதக்காரரே!

புகழ் மட்டும் பாடிப் போக எங்களுக்கு மனமில்லை. நம் அலுவலக முகப்பில் தொங்கும் பலகையை ஊரே சபிக்கும்: முன்பணம் கட்டிய பின்பே சேவை. வண்டி வாடகை, பூட்டுத் திறப்பவர் கூலி எல்லாம் முதலில். நீதி அதற்குப் பிறகு. அந்தப் பலகைக்குக் கீழே நின்று ஏச்சு வாங்கியவர் நீங்கள்.

நோவேத்து அம்மாவை இங்கே நினைக்காமல் இம்மடல் நிறையாது. கணவர் இறந்ததும், கொழுந்தன் அவரை வெளியே தள்ளி வீட்டைப் பூட்டிக்கொண்டான். வழக்கில் அம்மா வென்றார். தீர்ப்பு அம்மா கையில். திறவுகோல் அவன் கையில். மகள் பூம்லாவின் ஒற்றைத் தகர அறையில் ஒண்டிக்கொண்டு, வியாழன்தோறும் மாதர் ஜெபக்கூட்டத்துக்குப் போகும் வழியில், அந்தக் கூட்டத்துச் சீருடையான சிவப்புச் சட்டையோடு நம் முகப்பில் வந்து நிற்பார்.

"வீடு என்னோடதுன்னு எழுதியாச்சுல்ல? அப்புறம் நான் எதுக்குக் காசு கட்டணும்? பூட்டினவன்கிட்ட கேளுங்க!"

"பின்னாடி அவன்கிட்ட வசூல் பண்ணலாம்மா. முதல்ல நீங்கதான் கட்டணும்" என்பீர்கள். சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய் முகம் கழுவுவீர்கள். கட்டண விலக்குக் கேட்டு அவர் போட்ட மனு மேலே போனது, இறங்கி வரவேயில்லை. நாமே ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டிவிடலாம் என்றோம். "ஒரு கட்சிக்கு நம்ம பையைத் திறந்துட்டா, இன்னொருத்தன் வாசல்ல எந்த முகத்தோட நிப்போம்?" என்று மறுத்தீர்கள். உங்கள் கண் கலங்கியிருந்தது. சொல் கலங்கவில்லை.

கடைசியில் அந்த அம்மா தம் ஈமச்சங்கத்துப் பெண்கள் நடுவே எழுந்து நின்றார். "என் சாவுக்குச் சேத்து வெச்ச காசை இப்பவே குடுங்கடி. செத்தவளுக்கு எதுக்குப் பெரிய பெட்டி? உசுரோட இருக்கறவளுக்கு ஒரு கதவு போதும்" என்றார். அழுதுகொண்டே கொடுத்தார்கள். மறுநாளே நீங்கள் போனீர்கள். கொழுந்தன் கத்தக் கத்த ஆணையைப் படித்தீர்கள், பூட்டைத் திறக்கச் செய்தீர்கள், சாவியை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தீர்கள். உள்ளே ஓடியவர் முதலில் தேடியது தம் பழைய கெட்டிலைத்தான்.

"உக்காருங்க, டீ போடறேன்."

"இன்னும் உத்தியோகத்துல இருக்கேன்மா. ஓய்வு பெத்ததும் முதல் டீ உங்க வீட்டுலதான்."

"வாக்கு மாறக் கூடாது. சர்க்கரை எத்தனை?"

"மூணு."

"அடேயப்பா, ஷெரீஃபுக்கு இவ்வளவு இனிப்பா!"

அதன் பிறகும் வியாழன்தோறும் நம் சன்னலில் எட்டிப் பார்த்து, "இன்னும் எவ்வளவு நாள் காத்திருக்கணும்?" என்று கேட்டுவிட்டுப் போவார். போன மாதம் அவர் வரவில்லை. உறக்கத்திலேயே போய்விட்டார், தம் வீட்டில், தம் கட்டிலில். சங்கத்தில் அவர் பேரில் ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் அந்தப் பெண்கள் விட்டுவிடவில்லை. பெட்டி சிறியதுதான், பாட்டு பெரிதாக இருந்தது. அடக்கம் முடிந்து எல்லோரும் கைகழுவிச் சாப்பிட அமர்ந்தபோது, நீங்கள் மட்டும் தொப்பியை மார்பில் அணைத்தபடி வாசலில் நின்றீர்கள். தட்டு கொண்டுவந்த பெண்ணிடம், "இன்னும் என் நாள் முடியலைம்மா" என்றீர்கள். அன்று உங்கள் மேல் எங்களுக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை, ஐயா.

நேர்மை நெறி நின்றவரே! நெஞ்சம் நெகிழ்ந்தும் நிலை நெகிழாதவரே! நீங்கள் நோயின்றி நூறாண்டு வாழ வேண்டும். இத்தனை காலம் பட்டினி போட்ட வயிற்றுக்கு ஊரெல்லாம் விருந்து வைக்க வேண்டும். இன்னும் இரண்டு பத்தி எழுதி வைத்திருந்தோம். படிக்கப் போவதில்லை. கடைசி வரிசையில் பூம்லா உட்கார்ந்திருக்கிறாள். அவள் மடியில், துண்டு சுற்றிய அந்தக் கெட்டில். "அம்மா மூணு சர்க்கரைன்னு சொல்லிட்டுப் போனாங்க. ஆறிடும், சீக்கிரம் படிச்சு முடிங்க" என்று வாசலிலேயே எங்களிடம் சொல்லிவிட்டாள்.

மணி ஐந்தாகிவிட்டது. உங்கள் உத்தியோகம் முடிந்தது. கையை நீட்டுங்கள், ராடேபே.

பிரிய மனமில்லாத
ஷெரீஃப் அலுவலகத் தோழர்கள்