கஷ்டம் இல்லாத வீடு

எங்கள் வீட்டில் எல்லாருக்கும் நல்ல ஆரோக்கியம். அதுதான் பிரச்சினையாகிவிட்டது.

நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக மெதுவாகவே சொல்கிறேன். மகள் எட்டாம் வகுப்பு முடிக்கிறாள். ஒன்பதாம் வகுப்புக்கு நாங்கள் பார்த்துவைத்த தனியார் பள்ளியில் நாற்பது இடம். விண்ணப்பம் இரண்டாயிரத்தைத் தாண்டும். மதிப்பெண்ணில் எல்லாப் பிள்ளைகளும் முதல். எல்லாரும் ஒரு வாத்தியம் வாசிக்கிறார்கள். எல்லாரும் விடுமுறையில் முதியோர் இல்லத்துக்குப் போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கிருக்கும் பெரியவர்களுக்கே கேமராவைப் பார்த்துச் சிரித்துப் பழகிவிட்டது. அதனால் பள்ளி ஒரு கட்டுரை கேட்கிறது: நீ கடந்து வந்த ஒரு கஷ்டத்தைப் பற்றி எழுது.

இதற்கென்றே ஓர் ஆலோசகரை வைத்திருந்தோம். கண்ணாடி அறை, வெள்ளைச் சோபா. அந்த அம்மாள் எங்கள் கோப்பைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லாம் பிரமாதம் சார். ஆனா கஷ்டம்னு ஒண்ணுமே இல்லையே?"

"போன வருஷம் எங்கம்மா தவறிட்டாங்க."

"பாட்டி சாவெல்லாம் எடுபடாது சார். பாதிப் பேர் அதைத்தான் எழுதுறாங்க."

என் அம்மாவின் சாவு கூட்டத்தோடு கூட்டமாகப் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். விவாகரத்து பற்றி விசாரித்தேன். நல்ல விஷயம்தான், ஆனால் ஒரு வருடமாவது இழுக்கும் என்றார். எங்களிடம் இருந்தது ஆறு வாரம். மனைவியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அவள் எதையும் மனதில் போட்டுக் குழப்பிக்கொள்கிறவள்.

எங்கள் குடியிருப்பின் நான்காம் மாடியில், எதிர் வீட்டில், என் மனைவியின் தம்பி இருந்தான். கல்யாணம் ஆகவில்லை. விளம்பரங்களுக்குக் குரல் கொடுப்பது அவன் பிழைப்பு: பற்பசை, பெயிண்ட், மெத்தை. மகளுக்கு மாமா என்றால் உயிர். பள்ளியிலிருந்து வந்ததும் பையைப் போட்டுவிட்டு அங்கே ஓடிவிடுவாள்.

யோசித்துப் பார்த்தேன். நான் போனால் சம்பாதிக்க ஆள் இல்லை. மனைவி போனால் வீடு பார்க்க ஆள் இல்லை. அவன் போனால் மெத்தை விளம்பரம் மட்டும் கொஞ்சம் சோபை இழக்கும்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும், கட்டடப் பாதுகாப்பு ஆய்வாளர். அவன் தினமும் மாலை பால்கனிக் கம்பியில் சாய்ந்துகொண்டுதான் காபி குடிப்பான். வீட்டுச் சாவி ஒன்று எங்களிடம் இருக்கும். அவன் ஒலிப்பதிவுக்குப் போயிருந்த ஒரு காலையில் கம்பியின் நான்கு போல்ட்டுகளில் மூன்றைக் கழற்றினேன். நான்காவதைத் தளர்த்தி, ஓட்டைகளை அடைத்து, மேலே வண்ணம் பூசினேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. அன்று மகளைப் பள்ளியிலிருந்து நேராக வயலின் வகுப்புக்கு அனுப்பிவிட்டேன். நான் ஒன்றும் பொறுப்பில்லாத தகப்பன் இல்லை.

மாலையில் அவன் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டான்.

"அத்தான், காபி போடுறேன். உங்களுக்கும் ஒரு வாய்?"

"வேண்டாம்ப்பா. நீ குடி."

கால்தான் முறியும் என்று நினைத்தேன் என நான் சொல்லலாம். ஆனால் நான்காம் மாடியிலிருந்து விழுகிறவனுக்கு என்ன ஆகும் என்று தெரிந்துவைத்திருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் மகள் முன்னால் ஒரு நோட்டை வைத்தேன். "நடந்ததை எழுதும்மா. மனசு லேசாகும்," என்றேன். தலையாட்டினாள். பள்ளிக்கு அனுப்பியாயிற்றா என்று பிறகு கேட்டதற்கும் தலையாட்டினாள். பிள்ளை வளர்ப்பில் எனக்குக் குறை வைத்ததில்லை அவள். நேர்முகத் தேர்வில் மூன்று கேள்வி கேட்டார்களாம், மூன்றுக்கும் தலையாட்டினாளாம். 'வயதை மீறிய நிதானம்' என்று குறிப்பு எழுதி இடம் கொடுத்துவிட்டார்கள்.

"எல்லாம் உன் தம்பியோட ஆசீர்வாதம்," என்று மனைவியிடம் சொன்னேன். அவள் அழுதாள். நான் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

நீங்கள் விபத்து என்று எழுதி முடித்திருப்பீர்கள். ஆனால் அந்தக் கம்பியை மூன்று மாதத்துக்கு முன் சோதித்து, பத்து வருடம் தாங்கும் என்று கையெழுத்துப் போட்டவன் நான். துருப்பிடித்து விழுந்தது என்று உங்கள் ஆள் எழுதியதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இருபது வருடத்தில் என் சான்றிதழ் ஒன்றுகூடத் தவறியதில்லை. அதனால்தான் நானே காவல் நிலையத்துக்கு வந்தேன்.

வந்த இடத்தில் நீங்கள் இந்தக் கட்டுரையை மேசையில் வைக்கிறீர்கள். கம்பி விழுவதற்கு ஒன்பது நாள் முன்பே அவள் இதைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டாள் என்கிறீர்கள். தேதியைப் பார்த்தேன், சரிதான். இரண்டு பக்கம். ஏழு வயதிலிருந்து அவளுக்குத் திக்குவாய் இருந்ததாம். மூன்று வருடமாக மாமா தினமும் விளம்பர வரிகளைக் கொடுத்துப் பேசவைத்தாராம். பற்பசை விளம்பரத்தைத் திக்காமல் சொல்லி முடித்த அன்று இருவரும் பால்கனியில் குதித்தார்களாம். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

ஆனால் இதை நம்பாதீர்கள். அவள் திக்கி நான் கேட்டதே இல்லை. வீட்டில் யார் அவளிடம் எது கேட்டாலும், காக்கவைப்பானேன் என்று நானே பதில் சொல்லிவிடுவேன்.

மாமா விழுந்த அன்றிலிருந்து அவள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்கிறீர்கள். குழந்தையைத் தொந்தரவு செய்யாதீர்கள். என்ன தெரிய வேண்டுமோ என்னிடம் கேளுங்கள், அவளுக்காக நான் சொல்கிறேன்.