வாடை இல்லாத தண்ணீர்

தண்ணீர் வேலை பார்க்கிறவனுக்குக் கண்ணைவிட மூக்குதான் முக்கியம், சார். கலங்கல் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். பிளீச்சிங் வாடை லேசாக இருக்கிறதா, அறவே இல்லையா என்பதை முகர்ந்துதான் சொல்ல வேண்டும். பத்தொன்பது வருடமாக முகர்ந்திருக்கிறேன். தவறியதில்லை. அதனால், தெரியாமல் நடந்துவிட்டது என்று என் சார்பில் யாராவது சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம்.

எங்கள் நகராட்சியின் சுத்திகரிப்பு நிலையத்தில் நான் ஆபரேட்டர். ஆற்றுக் கிணறுகளிலிருந்து வருகிற தண்ணீரில் படிகாரம் கலந்து, கசடை அடியில் தங்கவிட்டு, மணல் படுகையில் வடிகட்டி, கடைசியில் குளோரின் சேர்த்து ஊருக்குள் அனுப்புவோம். ஐந்து மேல்நிலைத் தொட்டிகள். மேட்டுத்தெருத் தொட்டிதான் கடைசி. அங்கே போய்ச் சேர்வதற்குள் குளோரினின் வீரியம் குறைந்துவிடும். அதனால் தண்ணீர் விடுகிற நாளில் நான் ஏணியில் ஏறி, பிளீச்சிங் கரைசல் ஒரு வாளி தனியாக ஊற்ற வேண்டும். எங்கள் ஊரில் ஒன்பது நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைத்து ஒன்பது நாளும் குடிப்பார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தத் தெருக் குழாய் ஓரிடத்தில் வாறுகாலுக்கு அடியில் போகிறது. அங்கே இணைப்பு விட்டுப்போயிருந்தது. தண்ணீர் நின்றதும் சாக்கடை உள்ளே கசியும். பதிவேட்டில் மூன்று முறை எழுதியிருக்கிறேன், பார்த்திருப்பீர்கள். சரிசெய்கிற வரைக்கும் அந்தத் தெருவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது அந்த ஒரு வாளிதான். இதை நான் தெருவில் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

நானும் அந்தத் தெருக்காரன்தான். இரண்டாயிரத்து ஐந்து ஆடி மாதம் வரை.

என் மனைவி பாண்டிச்செல்வி பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். மேட்டுத்தெருவில் பாதிப் பேர் அதே கம்பெனிதான். தீபாவளி சீசன், ஆர்டர் நெருக்கடி. நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் பதினோரு பேர். போர்மேன் கருப்பணன் வெயிலில் காயப்போட்ட கலவையை உச்சி நேரத்தில் அள்ளி உள்ளே கொண்டுவரச் சொன்னார். வெடித்தது. ஆறு பேர் போய்விட்டார்கள். என் மனைவி அதில் ஒருத்தி. அவள் கொலுசை வைத்து அடையாளம் சொன்னேன்.

கம்பெனிக்குச் சீல் வைத்தார்கள். கம்பெனி மீது தப்பு என்றால் லைசென்ஸ் போய்விடும். வேலை பார்த்த ஆளின் கவனக்குறைவு என்றால் மூன்று வாரத்தில் திறந்துவிடலாம். தெருவில் கூடிப் பேசினார்கள். பாண்டிச்செல்வி இரும்புச் சட்டியைத் தரையோடு இழுத்தாள், அதில்தான் பொறி பறந்தது என்று எழுதி, இருபத்தேழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அன்றைக்கு வேலைக்கே வராதவர்களும் போட்டார்கள். நான் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றேன். கருப்பணன் கதவைத் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள்தான் வெளியே வந்து, மெதுவாகத்தான் சொன்னாள்.

"செத்தவளுக்கு இனி என்னய்யா போச்சு? இருக்கிறவுக கஞ்சி குடிக்கணும்ல?"

அதில் ஒரு நியாயம் இருக்கிறது என்றுதான் நானும் திரும்பி வந்தேன்.

அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த தெருக்காரர்களில் ஒரே ஒருத்தி கையெழுத்துப் போடவில்லை. வேலுத்தாய். பக்கத்து அறையில் வேலை பார்த்தவள். வெயிலில் கிடந்த கலவைதான் வெடித்தது என்று விசாரணையில் நடந்ததை நடந்தபடி சொன்னாள். இருபத்தேழு பேருக்கு எதிரில் ஒரு ஆள் சொல் எடுபடவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியிலும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. வீட்டிலிருந்து தீப்பெட்டி ஒட்டினாள். விசாரணைக்கு நான் போகவில்லை. அன்றைக்கு எனக்கு டூட்டி.

எனக்கு ஒரு மகள், மாரிசெல்வி. அப்போது எட்டாம் வகுப்பு. மற்ற ஐந்து பேரின் பிள்ளைகளும் அதே பள்ளிக்கூடம்தான். ஒரு சாயங்காலம் வந்து பையைக் கழற்றாமல் நின்றாள்.

"அம்மாதான் அஞ்சு பேரையும் கொன்னாங்களாப்பா?"

இல்லை என்றேன். "அப்ப ஏன் எல்லாரும் கையெழுத்துப் போட்டுருக்காக?" என்றாள். அவளைக் காரியாபட்டியில் என் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நான் நிலையத்துக் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டேன். அந்தத் தாளை மாற்றி எழுதச் சொல்லி இரண்டு வருடத்தில் பதினான்கு மனு கொடுத்தேன். முடிந்த விசாரணை என்றே பதில் வந்தது. என் மகள் லீவுக்குக்கூட ஊருக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

அந்த இரண்டு வருடமும் நான் வாளியைத் தவறவிட்டதில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அதே அளவு, அதே நேரம். ஏணியில் ஏறும்போது கீழே தெரிகிற ஒவ்வொரு வீட்டையும் பார்ப்பேன். பார்த்துக்கொண்டேதான் ஊற்றினேன்.

இரண்டாயிரத்து ஏழு வைகாசியில் அவர்களாகத்தான் வந்தார்கள். நிலையத்தின் வாசலில் பதினைந்து பேர் இருக்கும். பேச்சியம்மாள் கையில் ஒரு தூக்குச்சட்டி.

"ஏன் தண்ணிக்காரரே, மோந்து பாருங்க. குழம்புல பிளீச்சிங் வாடை. எம்வீட்டுக்காரரு, 'இத அடுப்புல வச்சியா, ஆஸ்பத்திரில வச்சியா'ன்னு கேக்காரு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. கருப்பணன் மட்டும் சிரிக்கவில்லை.

"அவரு வேணும்னே கூட்டித்தாம்லே போடுதாரு. பொண்டாட்டி போன கோவத்த நம்ம தண்ணில காட்டுதாரு."

அதற்கும் சிரித்தார்கள். கொஞ்சம் தாமதித்துத்தான்.

அதுவரைக்கும் அப்படி ஒரு யோசனை எனக்கு இல்லை, சார். பதினான்கு மனு கொடுத்தவனுக்குத் தன் கையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருந்தது. கருப்பணன்தான் சொல்லிக்கொடுத்தார். நான் நிதானமாகச் சொன்னேன்: "வாயால சொன்னா நான் குறைக்க முடியாது. எல்லாரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

மறுநாள் காலையில் கொண்டுவந்துவிட்டார்கள். 'எங்கள் தொட்டியில் இனிமேல் பிளீச்சிங் சேர்க்க வேண்டாம்' என்று கோடு போட்ட தாளில் இருந்தது. நாற்பத்து மூன்று கையெழுத்து. என் மனைவியைப் பற்றிய தாளின் நகலை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இருபத்தேழும் இருந்தன. கருப்பணன் 'ரு'வுக்கு வாலை நீட்டிப் போடுவார். பேச்சியம்மாள் ரேகை. வேலுத்தாய் இதிலும் இல்லை.

நிலையத்தில் தண்ணீரைச் சோதிக்கிற சாபிர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "மனு குடுத்தா நிப்பாட்டிர முடியாதுண்ணே. நம்ம அளவு சரிதான். நீங்க பாட்டுக்குப் போடுங்க" என்றார். சரி தம்பி என்றேன். தெருக்குழாயில் மாதிரி பிடித்து வருவது என் வேலை. கண்ணாடிக் குழாயில் மருந்துச் சொட்டு விட்டு, மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்த்து எண்ணை எழுதுவது அவர் வேலை. நான் பாட்டிலை வேறொரு தொட்டியில் பிடித்துக் கொடுத்தேன். அவர் எழுதிய எண்கள் எல்லாம் உண்மை. அவரை விட்டுவிடுங்கள்.

அடுத்த தண்ணீர் நாளில் நான் ஏணியில் ஏறவில்லை. நான் செய்தது அவ்வளவுதான். ஏறாமல் இருந்தேன். வால்வைத் திருகித் தண்ணீரைத் திறந்துவிட்டு தெருமுனையில் சைக்கிளோடு நின்றேன். கருப்பணன் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "இப்பத்தான்யா தண்ணி தண்ணியா இருக்கு" என்றார். பேச்சியம்மாள் ஒரு தட்டில் முறுக்கு கொண்டுவந்து கொடுத்தாள். சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

என் கணக்கு இதுதான். தெருவில் பத்துப் பேருக்கு நோய் வரும். விசாரணை வரும். தப்பு யார் மேல் என்று கேட்பார்கள். நான் அவர்கள் கொடுத்த தாளை நீட்டுவேன். அவர்களே கேட்டார்கள், அவர்கள் கவனக்குறைவுதான் என்று பதிவாகும். இருபத்தேழு பேர் கையெழுத்துப் போட்டால் அது உண்மையாகிவிடும் என்று எனக்குக் காட்டியவர்கள் அவர்கள்தான். அப்புறம் அவர்கள் பிள்ளைகள் சாயங்காலம் வந்து பையைக் கழற்றாமல் நிற்கட்டும். சாவு வரும் என்று நினைத்தாயா என்று நேற்றிலிருந்து மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். நினைக்கவில்லை என்று மூன்று முறை சொன்னேன்.

இரண்டாவது முறை விட்ட தண்ணீருக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்தார்கள். வாந்தி, பேதி. வெயில் சூடு என்று பேசிக்கொண்டார்கள். ஒரு கிழவர் இறந்தார். வயது ஆகிவிட்டது என்றார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அன்றைக்கே நான் ஏணியில் ஏறியிருக்கலாம்.

மூன்றாவது தண்ணீர் நாள் காலை எட்டு மணி. தெருக்குழாயில் வரிசை. வேலுத்தாய் குழாயடிக்கு வராமல் நேராக என்னிடம் வந்தாள். கண் உள்ளே போயிருந்தது.

"அண்ணே, சின்னவனுக்கு ரெண்டு நாளா வயித்தால போகுது. எந்திரிக்கவே முடியல. தண்ணில எதுவும் கோளாறு இருக்குமாண்ணே?"

வரிசையில் நின்ற எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அவளிடம் மட்டும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. தனியாகக் கூப்பிட்டு, கொதிக்க வைத்துக் கொடு தாயி என்று ஒரு வார்த்தை. ஆனால் அவளுக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். உண்மையை உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாதவள் அவள். என் மனைவி விஷயத்திலேயே அதைப் பார்த்திருந்தேன்.

"தண்ணி நல்லாத்தான் இருக்கு தாயி" என்றேன்.

"நீங்க சொன்னாச் சரிண்ணே. ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க, எம்மனசு ஆறிக்கும்."

பேச்சியம்மாள் தன் செம்பைக் குழாயில் பிடித்து நீட்டினாள். "குடிங்க தண்ணிக்காரரே. உங்க கை பட்டாலே அமிர்தம்."

வாங்கினேன். முகர்ந்து பார்த்தேன். வாறுகால் வாடை, மிக லேசாக. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. செம்பை அண்ணாந்து முழுவதும் குடித்தேன். வேலுத்தாய் முகம் தெளிந்தது. இரண்டு குடம் பிடித்துக்கொண்டு, பிள்ளைக்குக் கொடுக்க வேகமாகப் போனாள். வரிசை நகர ஆரம்பித்தது. அவள் பிள்ளை பெயர் முனியராஜ். ஐந்து வயது.

மொத்தம் ஏழு பேர். அதில் நான்கு பேர் கையெழுத்துப் போடத் தெரியாத வயது. கருப்பணன் பிழைத்துக்கொண்டார், பேச்சியம்மாளும்.

ஒன்றை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள், சார். நான் கொடுத்த தண்ணீரை நானும் குடித்தேன். வாளியை ஊற்றாமல் விட்டுவிட்டு ஒளிந்துகொள்கிறவன் இல்லை நான். அவர்களுக்கு என்ன விதியோ அதுவே எனக்கும் என்று முழுச் செம்பும் குடித்தேன். அங்கே நின்ற நாற்பது பேரும் அதற்குச் சாட்சி. அந்த நாற்பது பேரும் கையெழுத்துப் போடுவார்கள்.

எழுதிவிட்டீர்களா?

எனக்கு நோய் வரவில்லையே என்று பார்க்கிறீர்கள். தெரிகிறது.

தெருமுனை திரும்புகிற வரைக்கும் மெதுவாகத்தான் மிதித்தேன். அதற்குப் பிறகு வேகமாக. பம்ப் அறைக்குப் பின்னால் சைக்கிளைப் போட்டுவிட்டு, குத்தவைத்து உட்கார்ந்து, தொண்டைக்குள் இரண்டு விரலை விட்டேன். ஒரு சொட்டு மிச்சமில்லை என்று தெரிகிற வரைக்கும் விட்டேன்.