எல்லாருக்கும் கொடுக்கிற பெட்டி

எங்கள் கடையில் பை கொடுக்க மாட்டோம். புதிதாக உறுப்பினர் அட்டை வாங்கியவர்கள் முதல் நாள் இதற்குத்தான் முகம் சுளிப்பார்கள். சரக்கு வந்து இறங்கிய அட்டைப்பெட்டிகளை ஓரமாக அடுக்கி வைத்திருப்போம். வேண்டியவர்கள் எடுத்து, வாங்கியதை அடுக்கிக்கொண்டு போகலாம். இல்லையென்றால் நானே எடுத்துக் கொடுப்பேன். ஆப்பிள் வந்த பெட்டி உறுதியானது, தக்காளிப் பெட்டி ஈரம் தாங்காது. பதினேழு வருடம் அங்கே நின்றிருக்கிறேன். பெட்டிகளைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

பேச்சை மாற்றுகிறேன் என்று நினைக்காதீர்கள், ஆய்வாளரே. பெட்டியைப் பற்றிக் கேட்கத்தானே வந்திருக்கிறீர்கள்.

வாடிக்கையாளர்களே ஸ்கேன் செய்து பணம் கட்டும் இயந்திரங்கள் வந்தபோது, ஆறு இயந்திரத்துக்கும் என்னை ஒருத்தியைக் காவலுக்குப் போட்டார்கள். அதுவரை எங்கள் டுலூத் ஊரில் இவ்வளவு பேர் திருடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. தேவாலயத்தில் பக்கத்து வரிசையில் உட்காருகிறவர் தண்ணீர் பாட்டில் கட்டு ஒன்றை வண்டியின் அடித்தட்டில் போட்டுவிட்டு, அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவர் மாதிரிக் கூரையைப் பார்ப்பார். தங்கையின் அட்டையை நீட்டுகிற அக்கா, முடியை வெட்டிக்கொண்டதால் படத்தில் வேறு மாதிரித் தெரிகிறேன் என்பாள். எனக்கு ஆள் நடக்கும் நடையிலேயே தெரிந்துவிடும். பக்கத்தில் போய், “உதவட்டுமா?” என்று கேட்பேன், அவ்வளவுதான். ஒரே வருடத்தில் களவு பாதியாகக் குறைந்தது. மேலாளர் ரஸ்ஸல் என் படத்தை ஓய்வறைச் சுவரில் மாட்டினார். நேற்று கழற்றிவிட்டாராமே, பரவாயில்லை.

வாசலில் லோவெல் நிற்பார். ரசீதில் உள்ள எண்ணிக்கையையும் வண்டியில் உள்ள பொருளையும் ஒத்துப் பார்த்து, பேனாவால் ஒரு கோடு இழுத்து வெளியே அனுப்புவது அவர் வேலை. கூட்டமான நாளில் யாரும் எண்ணிக்கொண்டிருக்க முடியாது, ஒரு பார்வை பார்ப்பார். நான் இருந்த இடத்திலிருந்து இரண்டு விரலை உயர்த்தினால் மட்டும் அந்த வண்டியை அடிவரை துழாவுவார். “உனக்கு முதுகுலயும் கண்ணு இருக்கு, மார்லிஸ்” என்று என்னைக் கேலி செய்வார். பிடித்தவர் என்று அறிக்கையில் எழுதுவது அவர் பெயரைத்தான்.

பிடிபட்டவர்கள் எல்லாரையும் போலீஸில் கொடுப்பதில்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மறந்துவிட்டேன் என்றால் பணத்தைக் கட்டிவிட்டுப் போகலாம். ஒளித்து வைத்திருந்தால்தான் அட்டையும் போகும், உங்களுக்கும் போன் வரும். மேலே கிடக்கும் பொருளை மறக்கலாம். பெட்டியின் அடிமடிப்புக்குள் செருகியிருக்கும் சவர பிளேடு பொட்டலத்தை மறந்துவிட்டேன் என்று யாராலும் சொல்ல முடியாது. இது எனக்கு ஒருநாள் பாத்திரம் துலக்கும்போது தோன்றியது.

ஜூனியைப் பற்றிச் சொல்கிறேன். மாவட்டக் குழந்தைகள் நல அலுவலகத்தார் அவளைத் தற்காலிகமாக வளர்க்கச் சொல்லி என்னிடம் கொண்டுவந்து விட்டபோது அவளுக்கு ஐந்து வயது. கையில் ஒரு குப்பைப் பை, அதற்குள் துணி. அவளுடைய அம்மா கேரா லிண்ட் அப்போது போதையில் கிடந்தாள். கடைகளில் சின்னச் சின்னதாக எடுத்து விற்றவள், அதற்கு நன்னடத்தைக் கண்காணிப்பிலும் இருந்தாள். இருபத்திரண்டு மாதம் ஜூனி என் வீட்டில் இருந்தாள். எனக்கு அவளைப் பிடிக்கும் என்று மட்டும் சொன்னால் அது போதாது. பள்ளிப் பேருந்து முனையில் திரும்பும் சத்தம் கேட்டால் நான் செய்துகொண்டிருப்பதைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவேன். என் ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு அப்படி எதற்கும் எழத் தோன்றியதில்லை.

அக்டோபரில் அந்த அலுவலகப் பெண் வந்து, கேரா தேறிவிட்டாள் என்றாள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை, ஒழுங்கான வாடகை வீடு, இதே போக்கில் போனால் மார்ச் மாதம் நீதிபதி குழந்தையை அவளிடமே கொடுத்துவிடுவார். “நல்ல சேதிதானே?” என்று கேட்டாள். நல்ல சேதிதான் என்று சொல்லி அவளுக்குக் காபி ஊற்றினேன். அன்று சாயங்காலமே ஒரு பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையல் மேசையில் வைத்து மடிப்பைப் பிரித்து ஒட்டிப் பார்த்தேன். மூன்றாவது தடவையில் வெளியே தெரியாமல் வந்தது.

கேராவை மட்டும் பிடித்தால் யாராவது யோசிப்பார்கள். அவள் நாலாவது ஆளாக இருந்தால் யாரும் யோசிக்க மாட்டார்கள். அதனால் நவம்பரில் ஒருவர், டிசம்பரில் ஒருவர், ஜனவரியில் ஒருவர்.

முதலாமவர் வெண்டல் ஆஸ்ட்பி. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபத்துநாலு வயது. வாரந்தோறும் பூனைத் தீனியும் வால்நட்டும் வாங்குவார், என் முழங்கால் வலியை விசாரிப்பார். கத்த மாட்டார் என்பதால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தேன். நான் நினைத்தபடியே அவர் கத்தவில்லை. லோவெல் மடிப்பைத் தூக்கிக் காட்டியபோது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “எப்படி வந்துதுன்னு தெரியலையே, மன்னிச்சுருங்க” என்றார். செய்யாததற்கு மன்னிப்புக் கேட்கிறவர்களை நம் ஊரில்தான் பார்க்கலாம். அதற்குப் பிறகு அவர் தேவாலயத்துக்கும் வரவில்லை. பிப்ரவரியில் இறந்துபோனார். எப்படி என்பது உங்கள் கோப்பில் இருக்கும். செய்தித்தாளில் அவர் மனைவி ‘எதிர்பாராமல்’ என்று மட்டும் போட்டிருந்தார். நான் ஒரு பெரிய பாத்திரம் நிறைய உருளைக்கிழங்கும் இறைச்சியும் வேகவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மாள் பாத்திரத்தைப் பளிச்சென்று கழுவி, நன்றிச் சீட்டு வைத்துத் திருப்பி அனுப்பினார். ஆஸ்ட்பி விஷயத்தில் எனக்கு வருத்தம்தான். ஆனால் பாதியில் நிறுத்தியிருந்தால் அவர் போனதற்கு ஒரு அர்த்தமும் இருந்திருக்காது.

கேமரா எப்படிப் பார்க்காமல் விட்டது என்று கேட்டீர்கள். கேமராக்கள் இயந்திரத்தையும் வாங்குகிறவர் கையையும்தான் பார்க்கும். அவற்றை எங்கே மாட்டுவது என்று ரஸ்ஸல் என்னைத்தான் கேட்டார்.

மார்ச், வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி. திங்கட்கிழமை நீதிமன்றம். கேரா வருவாள் என்று தெரியும், ஜூனிதான் சொல்லியிருந்தாள். வண்டியில் குழந்தைப் போர்வை ஒன்று, ஆரஞ்சு மூட்டை, பெரிய தட்டுக் கேக். கேக்கின்மேல் இளஞ்சிவப்பில் ‘வீட்டுக்கு நல்வரவு, ஜூனி’ என்று எழுதியிருந்தது. அந்த எழுத்தை மறுபடியும் ஒருமுறை படித்தேன். அவள் ஒவ்வொரு பொருளையும் இரண்டு தரம் திருப்பித் திருப்பி ஸ்கேன் செய்தாள். திருந்தியவர்கள் அப்படித்தான், எல்லாரும் தங்களையே பார்க்கிறார்கள் என்று நினைப்பார்கள்.

“மார்லிஸ், திங்கக்கிழமை சாயங்காலம் நீங்களும் வந்துருங்க” என்றாள். “நீங்க வராம கேக் வெட்டக் கூடாதுன்னு அவ கண்டிசனா சொல்லிட்டா.”

“வராம இருப்பேனா? கேக்க இப்படியே தூக்கிட்டுப் போகாத, வெளிய ஒரே பனி, வழுக்கி விட்டுருவ. இரு, பெட்டி தர்றேன்.”

அவள் என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். அவள் கை வேர்த்திருந்தது. வண்டி வாசலை நெருங்கும்வரை காத்திருந்தேன். லோவெல் என் பக்கம் பார்த்தார். இரண்டு விரலை உயர்த்தினேன்.

அவர் கேக்கைத் தூக்கி ஓரமாக வைத்தார், போர்வையை உதறினார், பிறகு மடிப்புக்குள் கையை விட்டார். பொட்டலம் வெளியே வந்ததும் கேரா முதலில் சிரித்தாள். யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்திருப்பாள். பிறகு லோவெலின் முகத்தைப் பார்த்தாள்.

“இது என்னுது இல்லைங்க. மார்லிஸ், பெட்டி நீங்கதான குடுத்தீங்க? சொல்லுங்க அவர்கிட்ட.”

லோவெல் என்னைப் பார்த்தார். வரிசையில் நின்றவர்களும் பார்த்தார்கள்.

“எல்லாருக்கும் நான்தான் பெட்டி குடுக்கறேன்” என்றேன்.

அது உண்மைதானே. இந்த விஷயத்தில் எங்கேயும் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

“திங்கக்கிழமை கோர்ட்டு இருக்கு, மார்லிஸ்” என்றாள் அவள், எனக்கு மட்டும் கேட்கும்படி. நாலாம் இயந்திரத்தில் ஒருவருக்கு வெங்காய மூட்டை பதியவில்லை. நான் அங்கே போய்விட்டேன்.

கேராவின் பழைய வழக்குகளும் அதே மாதிரிச் சின்னப் பொருள்கள்தான் என்பதால் நீதிபதி அதிகம் யோசிக்கவில்லை, ஜூனி என்னிடமே இருக்கட்டும் என்றுவிட்டார். அம்மாவுக்கு இன்னும் முழுதாகச் சரியாகவில்லை என்று ஜூனியிடம் சொன்னேன். அவள் அழவில்லை. போட்டிருந்த கோட்டைக் கழற்றாமல் இருட்டும்வரை சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்குப் பிடித்த மக்ரோனி செய்துகொடுத்தேன். பாதி தின்றாள். அடுத்த நாள் முக்கால் தின்றாள். சரியாகிக்கொண்டுதான் வந்தாள்.

பள்ளி ஆலோசகர் முன்னால் அவள் கடை விளையாட்டு விளையாடியதைச் சொன்னீர்கள். பெட்டியின் அடிமடிப்பைப் பிரித்து, உள்ளே ஒரு சீட்டுக்கட்டைச் செருகி, பசை தடவி, பொம்மையிடம் நீட்டினாளாம். ‘இது யார் சொல்லிக்கொடுத்த விளையாட்டு?’ என்று கேட்டதற்கு, ‘மார்லிஸ் வீட்டுல வேலை செய்யறப்ப பார்த்தேன்’ என்றாளாம். அக்டோபரில் அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன், மாடிப்படியில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். வெளியே தெரியாமல் கச்சிதமாக ஒட்டியிருந்தாள் என்று நீங்களே சொன்னீர்கள், எனக்கு மூன்றாவது தடவை வந்த மாதிரியே. எவ்வளவு கவனம் பாருங்கள். என்னிடம் வந்தபோது அவளுக்குச் செருப்பை நேராக மாட்டத் தெரியாது.

எழுதிக்கொள்ளுங்கள், நாலு பெட்டியையும் நான்தான் செய்தேன். நாலு பேரும் எதையும் எடுக்கவில்லை. ஆஸ்ட்பியும் எடுக்கவில்லை. அவர் மனைவிக்கு அதைச் சொல்லிவிடுங்கள், ஆறுதலாக இருக்கும். ஒரு தாயிடமிருந்து குழந்தையைப் பறித்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். என் வீட்டிலிருந்த குழந்தையை அல்லவா தூக்கிக்கொண்டு போகப் பார்த்தார்கள். தடுக்கத் தெரிந்தவள் நான், தடுத்தேன்.

கேராவிடம் சில விஷயம் சொல்ல வேண்டும். ஜூனிக்கு நடைவழி விளக்கு எரிந்தால்தான் தூக்கம் வரும். பாலைச் சூடாகக் கொடுத்தால் தொட மாட்டாள். என்னைக் கேட்டு அழுதால் திட்டக் கூடாது, எனக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள், எந்த நேரமானாலும் சரி.

ஜூனி இன்னும் என்னைக் கேட்கவே இல்லை என்கிறீர்கள். அம்மாவிடம் போய் ஒன்பது நாள்தானே ஆகிறது. கேட்பாள்.